முதல் டைவிலேயே கப்பலைக் காட்டாதீர்கள்: சூப்பீரியர் ஏரிப் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், சூப்பீரியர் ஏரியின் வடகரையில் ஸ்கூபா டைவிங் கற்றுத்தரும் பயிற்சியாளர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் ஒருவரிடம்தான் நான் இதைக் கற்றுக்கொண்டேன். அவர் யார், எந்தப் பள்ளி என்று எழுதப்போவதில்லை. எழுதினால் பேச்சு அவரைப் பற்றியதாகிவிடும்; நான் சொல்ல வந்தது உங்கள் எல்லாருடைய வழக்கத்தையும் பற்றி. சான்றிதழுக்கான நான்கு டைவ்களில் ஒன்றை, கரையோரம் மூழ்கிக் கிடக்கும் பழைய கப்பல் ஒன்றின் மேலேயே நடத்தும் வழக்கம். அதை விட்டுவிடுங்கள் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

என் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஜூன் மாதத் தொடக்கம். டூ ஹார்பர்ஸ் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரை ஒட்டி, ஈயக்கட்டிகளும் சிலிண்டரும் முதுகை அழுத்த, வழுக்கும் கற்களின்மேல் ஆறு மாணவர்கள் தத்தித் தத்தி இறங்கினோம். "அந்தப் பக்கம் ஒரு பழைய கப்பல் கிடக்கிறது. ஒன்பது மீட்டர்தான். பயப்பட ஒன்றுமில்லை" என்றார் பயிற்சியாளர். கப்பலைப் பற்றி அன்று எங்களுக்குச் சொல்லப்பட்டது அவ்வளவே. பெயர்கூட மாலையில் சாப்பிடும்போதுதான் தெரியவந்தது.

கீழே போனதும் மூச்சடைத்துப் போனேன். குளிரால் இல்லை, பார்த்த காட்சியால். வரிசை வரிசையாக மர விட்டங்கள், நடந்து போகலாம் போன்ற மேல்தளப் பலகைகள். கடலில் கிடந்திருந்தால் கப்பல் புழு அரித்து எப்போதோ தீர்த்திருக்கும். நன்னீரில் அந்தப் புழு கிடையாது. நான்கைந்து டிகிரிக் குளிரில் மரத்தை மக்கவைக்கும் கிருமிகளும் மெதுவாகத்தான் வேலை செய்கின்றன. வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகளில் மற்ற நான்கிலும் எத்தனையோ கப்பல்களைப் போர்த்தி மூடிவிட்ட வெளியூர்ச் சிப்பிகளும், சுண்ணாம்புச் சத்துக் குறைந்த சூப்பீரியர் நீரில் அப்படிப் பெருகவில்லை. அதனால்தான் அன்று நான் பார்த்தது மரமாகவே தெரிந்தது. இதெல்லாம் பிற்பாடு படித்தது. அன்றைக்குத் தோன்றியது ஒன்றுதான்: இன்னும் கொஞ்சம் கிட்டே போகலாம்.

கிட்டே போனேன். அந்த நேரம் பார்த்து, சிலிண்டரின் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி வாய்க்குத் தரும் கருவியான ரெகுலேட்டர் உறைந்தது.

இது எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்; மற்றவர்களுக்காக எழுதுகிறேன். சிலிண்டருக்குள் 200 பார் அழுத்தத்தில் அடைந்திருக்கும் காற்று, ரெகுலேட்டரில் சிலிண்டரோடு இணையும் பகுதியான முதல் நிலையில் சட்டென்று விரிகிறது. விரியும் காற்று குளிரும். சுற்றிலும் இருப்பதோ ஏற்கெனவே உறைநிலையை நெருங்கிய நன்னீர். கடல்நீர் உறையப் பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு டிகிரி அளவுக்கு இறங்க வேண்டும். நன்னீருக்குப் பூஜ்யமே போதும். உள்ளே ஒரு சின்னப் பனிக்கட்டி பிடித்தால் வால்வு மூட மறுத்துத் திறந்தே நின்றுவிடும். வாயில் கவ்வியிருக்கும் பகுதியிலிருந்து காற்று பீறிடும். சிலிண்டர் சில நிமிடங்களில் காலியாகும். படபடப்பில் வேகமாக மூச்சிழுத்தால் குளிர்ச்சி இன்னும் கூடும். நான் வேகமாகத்தான் இழுத்தேன்.

நீச்சல் குளத்தில் இதை ஒத்திகை பார்த்திருக்கிறோம். குளத்து நீர் வெதுவெதுப்பாக இருந்தது, பொத்தானை அழுத்திக் காற்றைப் பீறிட வைத்தது நானே. ஏரியில் உதடு மரத்திருந்தது, கையில் தடிமனான மூன்று விரல் கையுறை, முகமூடிக்கு முன்னால் வெள்ளைக் குமிழிகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கைக்குக் கிடைத்ததைப் பிடித்தேன். கிடைத்தது கப்பல். பிடித்த இடம் பெயர்ந்து கையோடு வந்தது.

பயிற்சியாளர் வந்தார், தன் மாற்று ரெகுலேட்டரைத் தந்தார், மேலே கூட்டிப்போனார். அவர் செய்ததில் பிழை சொல்ல மாட்டேன். அன்று நான் பிழைத்தது அவரால். ஆனால் கரைக்கு வந்து கையுறையைக் கழற்றும்போதும் அந்த மரத்துண்டு என் கையில்தான் இருந்தது. ஒரு சாண் நீளம், கறுப்பு, ஈர ரொட்டி போல விளிம்பு பிய்ந்திருந்தது. காட்டினேன். சிரித்தார். "முதல் கப்பல் இல்லையா, ஞாபகத்துக்கு வைத்துக்கொள்."

வைத்துக்கொண்டேன். அதுதான் இத்தனை வருடம் உறுத்துகிறது.

அந்தக் கப்பலின் பெயர் சாமுவேல் பி. ஈலி. 1869இல் கட்டிய மரக் கப்பல், இருநூறு அடி நீளம். பாய் விரித்து ஓடப் பிறந்தது, வயதான காலத்தில் நீராவிக் கப்பலின் பின்னால் கயிறு கட்டி இழுபடும் சரக்குப் படகாகிப் போனது. 1896 அக்டோபர் கடைசியில் ஹெஸ்பர் என்ற நீராவிக் கப்பல் அதை இழுத்துக்கொண்டு டூ ஹார்பர்ஸுக்கு வந்தது. இரும்புத் தாது ஏற்றுவதாகத் திட்டம். புயல் பிடித்தது. ஈலி அலைதடுப்பில் மோதி அங்கேயே அமர்ந்துவிட்டது. ஆட்கள் பாய்மரக் கயிறுகளில் ஏறி இரவு முழுவதும் தொங்கிக்கொண்டிருந்தார்கள்; விடிந்த பிறகு ஒரு இழுவைப் படகு போய் அவர்களை இறக்கியது. கரை எவ்வளவு பக்கத்தில் என்பது எனக்குத் தெரியும். காலில் மாட்டும் ஃபின்னைக் கையில் பிடித்தபடி அந்தத் தூரத்தை நடந்திருக்கிறேன்.

நான் பிடித்துப் பெயர்த்தது, அந்த ஆட்கள் ஒரு இரவு முழுவதும் பிடித்துத் தொங்கிய கப்பலை. நீரில் இறங்குமுன் இதை யாராவது சொல்லியிருந்தாலும் ரெகுலேட்டர் உறைந்துதான் போயிருக்கும். சரி. ஆனால் அவ்வளவு கிட்டே போயிருக்க மாட்டேன். கரையில் யாராவது "வைத்துக்கொள்" என்றால் முழித்திருப்பேன்.

ஒரு கொசுறுச் செய்தி. ஈலியை இழுத்து வந்த ஹெஸ்பர் இருக்கிறதே, அதுவும் தப்பவில்லை. 1905 மே மாதம், இன்று சில்வர் பே என்று ஊர் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அதுவும் ஒரு புயலில் போய்ச் சேர்ந்தது. அதையும் நீங்கள் கரையிலிருந்து டைவ் செய்யக் கூட்டிப் போகிறீர்கள். இழுத்தது ஒரு ஊரில், இழுபட்டது இன்னொரு ஊரில், இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். இரண்டுக்கும் நடுவே 61ஆம் நெடுஞ்சாலை ஓரமாகவே மடீராவும் கிடக்கிறது.

மடீராவைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1905 நவம்பர் 28. முந்தின இரவே புயல் தொடங்கியிருந்தது. டுலூத் கால்வாய்க்குள் நுழையப் பார்த்த மடாஃபா என்ற கப்பல் தூண்சுவரில் மோதி இரண்டாகப் பிளந்து, கரையில் ஆயிரக்கணக்கானவர்கள் தீ மூட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, பின்பகுதியிலிருந்த ஒன்பது பேரும் இரவோடு இரவாக இறந்தார்கள். அந்தப் புயலுக்கே மடாஃபா என்றுதான் பெயர். மடீரா 436 அடி நீளமுள்ள எஃகுச் சரக்குப் படகு, சொந்த எஞ்சின் கிடையாது. வில்லியம் ஈடன்போர்ன் என்ற நீராவிக் கப்பல் அதை இழுத்துப் போனது. விடியற்காலை மூன்றரை மணி வாக்கில், இனித் தாங்காது என்று கயிற்றை அறுத்துவிட்டார்கள். எஞ்சின் இல்லாத படகை அலை எங்கே கொண்டுபோகும்? நேரே கோல்ட் ராக் என்ற பாறைச் சுவரில் மோதியது.

படகிலிருந்த ஃப்ரெட் பென்சன் என்ற மாலுமி, கயிற்றுச் சுருளோடு பாறைக்குத் தாவினார். இருட்டு, பனி, அறுபது அடி உயரச் செங்குத்துப் பாறை. ஏறினார். மேலே போய்க் கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டிக் கீழே விட்டார். முன்பக்கத்திலிருந்த மூன்று பேர் அதைப் பிடித்து ஏறினார்கள், பின்பக்கத்திலிருந்து ஐந்து பேர். மொத்தம் பத்துப் பேரில் ஒன்பது பேர் பிழைத்தார்கள். கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான ஜேம்ஸ் மாரோ மட்டும் பாய்மரத்தோடு சாய்ந்து நீரில் போனார். இரண்டு நாள் கழித்துத்தான் எட்னா ஜி. என்ற இழுவைப் படகு மற்றவர்களை அழைத்துப் போனது. அந்தப் படகு இப்போதும் டூ ஹார்பர்ஸ் துறைமுகத்தில் காட்சிக்கு நிற்கிறது. உங்கள் மாணவர்களில் எத்தனை பேர் அதன் பக்கத்திலேயே காரை நிறுத்திவிட்டு, என்னவென்று தெரியாமல் திரும்பியிருப்பார்கள்!

அந்தப் புயலின் சேதத்தைப் பார்த்துத்தான் ஸ்ப்ளிட் ராக் கலங்கரை விளக்கம் கட்டப்பட்டு 1910இல் ஒளி ஏற்றப்பட்டது. காலண்டர் படங்களில் எல்லாரும் பார்த்திருக்கும் அதே விளக்கம்தான். மடீராவுக்கு இறங்கும் கூழாங்கல் கரையில் நின்றால் எதிரே கோல்ட் ராக் தெரியும். நீரில் இறங்குமுன் மாணவரை அதை ஒரு தடவை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். ஈரக் கையோடு, நவம்பர் இருட்டில், அதில் ஒருவர் ஏறினார் என்று சொல்லுங்கள். கீழே போய் நசுங்கிய எஃகுத் தகடுகளைப் பார்க்கும்போது கை தானாகவே மார்போடு ஒடுங்கிக்கொள்ளும். மிதப்புக் கட்டுப்பாட்டுக்கு இதைவிட நல்ல பாடம் நான் பார்த்ததில்லை.

இந்தக் கப்பல்களுக்கு நேர்ந்த சங்கடமே அவை கரைக்குப் பக்கத்தில் கிடப்பதுதான். நடுஏரியில் கிடந்திருந்தால் போகப் படகு வேண்டும், படகுக்கு ஒரு கேப்டன் இருப்பார், யார் எத்தனை டைவ் செய்தவர் என்று கேட்பார், முகத்தைப் பார்த்தே "நீ இன்றைக்கு வேண்டாம்" என்பார். கரையில் கேட்பார் இல்லை. காரைத் திறந்தால் கப்பல். பயிற்சிக்கு வசதி என்று நீங்கள் நினைப்பதும் அதனால்தான்: ஆழம் குறைவு, தூரம் குறைவு, மாணவருக்குக் காட்ட ஏதாவது இருக்கிறது. ஆனால் முதல் நாலு டைவில் இருக்கும் ஒருவர் என்ன செய்வார்? மேலும் கீழும் யோயோ மாதிரி போவார், காலால் சேற்றைக் கிளப்புவார், பதறினால் எதையாவது பிடிப்பார். நானும் அப்படித்தான் இருந்தேன், நீங்களும் அப்படித்தான் இருந்திருப்பீர்கள். புதியவர் என்றால் அப்படித்தான். அதற்கு அடியில் ஏன் நூற்றைம்பது வயது மரத்தைக் கொண்டுபோய் வைக்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

உங்கள் பதில் எனக்குத் தெரியும், ஏனென்றால் என் பயிற்சியாளரிடமே கேட்டுவிட்டேன். "இந்த ஏரியில் வேறென்ன காட்டுவது? பவளம் இருக்கிறதா, வண்ண மீன் இருக்கிறதா? கப்பலைப் பார்த்தால்தான் அடுத்த வருடமும் வருவார்கள்." இதில் உண்மை இருக்கிறது. நானே அப்படிப் பிடிபட்டவன்தான். ஈலியைப் பார்த்திராவிட்டால் குளிருக்குப் பயந்து இந்தப் பொழுதுபோக்கை அன்றோடு தலைமுழுகியிருப்பேன்.

ஆனாலும் காட்டுவதும் பயிற்சி தருவதும் ஒன்றல்ல. திறன்களைப் பழக்க உங்களுக்கு வேறு நீர் இருக்கிறது. கிராஸ்பி பக்கம் கைவிட்ட இரும்புச் சுரங்கக் குழிகள் நீர் நிரம்பித் தெளிவாகக் கிடக்கின்றன. ஏற்கெனவே பல குழுக்கள் அங்கே டைவ் செய்கின்றன. அங்கே மாணவர் எதைப் பிடித்தாலும் பாறை அல்லது மூழ்கிய மரம். வடகரையிலேயே கப்பல் இல்லாத இடங்களும் ஏராளம். கரைமேலே தெரியும் எரிமலைப் பாறை அப்படியே படிப்படியாக நீருக்குள் இறங்கிப் போகும் அழகை யாரும் நின்று பார்ப்பதில்லை. நாலு டைவும் அங்கே முடியட்டும். ஐந்தாவதை ஈலிக்கு வையுங்கள், பரிசாக. மாணவர் காத்திருப்பார். காத்திருந்தால் மதிப்பும் கூடும்.

அப்புறம் குளிர். இதில் நீங்கள் மழுப்புகிறீர்கள். மாணவர் பயந்து ஓடிவிடுவார் என்று நினைத்து, "கொஞ்சம் சில்லென்று இருக்கும்" என்கிறீர்கள். ஜூனில் சூப்பீரியரின் நீர் சில்லென்று இருப்பதில்லை, வலிக்கும். கோடையில் மேல்நீர் சூடாகத் தெரியும். நிலத்திலிருந்து ஏரிப் பக்கம் காற்று ஒரு நாள் அடித்தால் அந்தச் சூட்டு நீரை ஒதுக்கித் தள்ளிவிட்டு அடிக்குளிர் மேலே வந்துவிடும். வடகிழக்கிலிருந்து அடித்தால் கதை வேறு: அலை நேரே கரைக்கு வரும், வழுக்குப் பாறையில் சிலிண்டரோடு விழுந்து எழுவது கப்பலைவிட ஆபத்து. பயிற்சித் தேதியோ மூன்று மாதம் முன்பே குறித்தது. காற்று அதைக் கேட்குமா?

ரெகுலேட்டரைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். பதறிய மாணவருக்கு உங்கள் மாற்று ரெகுலேட்டரைத் தருகிறீர்கள். அப்போது உங்கள் ஒரே முதல் நிலையில் இரண்டு பேர் மூச்சிழுக்கிறீர்கள், அதுவும் ஒருவர் பேயாக இழுக்கிறார். காற்றோட்டம் இரட்டிப்பானால் குளிர்ச்சியும் ஏறும், உங்களுடையதும் உறையலாம். அன்று அது நடக்கவில்லை, எங்கள் அதிர்ஷ்டம். குளிர்நீருக்கென்று மூடி அடைத்த முதல் நிலை, ஒரே சிலிண்டரில் இரண்டு வால்வு, இரண்டு தனித்தனி முதல் நிலைகள்: இவை ஆடம்பரம் இல்லை. ஐரோப்பியத் தரநிலை 10 டிகிரிக்குக் கீழே போனாலே குளிர்நீர் என்று கணக்கிட்டு ரெகுலேட்டரைத் தனியாகச் சோதிக்கச் சொல்கிறது. நம் ஏரியின் அடி வருடம் முழுவதும் 4 டிகிரிக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. மாணவருக்கு வாடகைக்குக் கொடுக்கும் ரெகுலேட்டர் வெதுவெதுப்பான கடலுக்கு வாங்கியதாக இருந்தால் அதை இங்கே கொடுக்காதீர்கள். கரையில் நின்றுகொண்டு "வேலை செய்கிறதா பார்" என்று ஊதி ஊதிச் சோதிக்கவும் சொல்லாதீர்கள். மூச்சின் ஈரம் உள்ளே போய் உறையக் காரணமாவதே அங்கேதான்.

கடைசியாக, அந்த "வைத்துக்கொள்" என்ற சொல்.

1988இல் நடைமுறைக்கு வந்த கைவிடப்பட்ட கப்பல்கள் சட்டத்தின்படி மாநில நீரில் தரையோடு பதிந்து கிடக்கும் இப்படிப்பட்ட கப்பல்கள் மாநிலத்தின் உடைமை. ஈலி, ஹெஸ்பர், மடீரா மூன்றும் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் இருக்கின்றன. இது உங்களுக்குத் தெரியாது என்று நான் நம்பவில்லை. அறுபதுகளில் டைவ் செய்தவர்கள் கையில் கிடைத்ததை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள், அன்று அது தவறாகவும் யாருக்கும் தோன்றவில்லை. இப்போது காலம் மாறிவிட்டது. பேரேரிகளின் கப்பல் பாதுகாப்புச் சங்கம் ஈலியின் பக்கச் சுவர்கள் விரிந்து விழாமல் இருக்க எஃகுக் கம்பிகளை இழுத்துக் கட்டியிருக்கிறது. பெயர்த்துப்போன பொருட்களைத் திரும்பக் கொண்டுபோய் வைக்கவென்றே அவர்களிடம் ஒரு குழு இருக்கிறது. பெயரே "திரும்ப வை" என்பதுதான். ஒரு பக்கம் தன்னார்வலர்கள் குளிரில் இறங்கிக் கம்பி கட்டுகிறார்கள், மறுபக்கம் நாம் மாணவருக்கு ஞாபகப் பொருள் கொடுக்கிறோம்.

என் மரத்துண்டின் கதை என்னவாயிற்று என்றால், அலமாரியில் வைத்த இரண்டே மாதத்தில் சுருங்கி, நீளவாக்கில் வெடித்து, விரல்பட்டால் பொடி உதிர ஆரம்பித்தது. நூறு வருடத்துக்கு மேல் நீரில் ஊறிய மரம் காய்ந்தால் அப்படித்தான் ஆகும் என்பதும் பிற்பாடு தெரிந்ததே. அடுத்த ஜூலையில் அதை எடுத்துக்கொண்டு ஈலிக்குப் போனேன். பழைய இடத்தில் வைத்தேன். மிதந்து மேலே போய்விட்டது! காய்ந்த மரம், மிதக்காமல் என்ன செய்யும்? துரத்திப் பிடித்து, கப்பலுக்கு வெளியே ஒரு கல்லுக்கு அடியில் செருகிவிட்டு வந்தேன். சரியாகச் செய்தேனா என்று இன்னும் தெரியவில்லை. முறைப்படி அந்தச் சங்கத்தாரிடம் கேட்டிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது, கேட்கவில்லை.

அடுத்த ஜூனில் உங்களில் யாராவது நாலு டைவையும் சுரங்கக் குழியில் முடித்துவிட்டு, ஐந்தாவதுக்கு மாணவர்களை ஈலிக்குக் கூட்டிவருவதாக இருந்தால் முன்கூட்டியே தெரியப்படுத்துங்கள். நானும் வருகிறேன். இறங்குமுன் அரை மணி நேரம் கொடுத்தால் கப்பலின் கதையைச் சொல்கிறேன். கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, அந்தக் கற்களின்மேல் சிலிண்டர் தூக்க ஒரு ஆள் கூடுதலாக இருக்கும்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவன்